மண்ணீரல் வேறு, ஈரல் வேறு

கரமனை,
திருவனந்தபுரம்.

மரியாதைக்குரிய அத்தான் திரவியம் அவர்களுக்கு,

ஆறுமுகநயினார் வணங்கி எழுதுவது. நாகர்கோவிலில் தாங்களும் பிச்சம்மாள் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே ஆவுடைத்தாய் சௌக்கியம். நான் ஏறக்குறைய சௌக்கியம். போனில் பேசினால் அக்கா ஸ்பீக்கரில் போடுவாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் கருத்துச் சொல்வார்கள், ஆகவே கடிதம்.

எனக்கு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், அறுபத்தாறு வயதில் ரகசியமாகக் குடிக்கத் தொடங்கிவிட்டதாகவும் அங்கே பேச்சாம். அத்தான், கெட்டது ஈரல் அல்ல, மண்ணீரல். அதிலும் ஒரு துண்டு மட்டும். நடந்ததைத் தாங்களாவது முழுதாக அறிய வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பலாக்காயில் செய்த சக்கப்புழுக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு எழுந்தேன். இடது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல வலி. வாயுதான் என்று முடிவு செய்து இஞ்சிச்சாறு குடித்தேன், பெருங்காயம் கரைத்துக் குடித்தேன், சோடா குடித்தேன். வலி இடது தோள்பட்டைக்கு ஏறியது. வாயு மேலே கிளம்பிவிட்டது, இனி வெளியே போய்விடும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆவுடைத்தாய்தான், "தோள்பட்டை வழியா எங்க போவும்? காது வழியாவா?" என்று கேட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். சாலையில் இருந்த அத்தனை குழிகளையும் அன்று நான் வயிற்றால் எண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்வப்னா என்று ஒரு டாக்டர், சின்ன வயசு, கையைப் பிடித்து நாடி பார்த்தவர் விடவே இல்லை. "மிடிப்பு ஒட்டும் சரியல்லல்லோ சாரே" என்றார்; துடிப்பு சரியே இல்லையாம். வயிற்று வலிக்கு வந்தவனுக்கு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கடைசியில் சி.டி. ஸ்கேன். அங்கே அனூப் என்ற பையன் கையில் ஏதோ மருந்து ஏற்றினான் பாருங்க, உடம்பெல்லாம் குபீர்னு சூடு ஏறி, இடுப்புக்குக் கீழே வெதுவெதுன்னு ஆயிட்டு. மானம் போச்சுன்னே நினைச்சேன். "தம்பி, மன்னிக்கணும், ஒரு தப்பு நடந்து போச்சு" என்றேன். அவன் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "ஒண்ணும் நடந்நிட்டில்ல சாரே, ஆ மருந்து கேறும்போ எல்லாவர்க்கும் அங்ஙனே தோணும்" என்றான்; அந்த மருந்து ஏறினால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். தொட்டுப் பார்த்தேன். சுத்தமாகக் காய்ந்து இருந்தது.

பிறகு டாக்டர் படத்தைக் காட்டி, "ப்ளீஹயிலொரு பாகத்தேக்கு ரத்தம் போகுந்நில்ல" என்றார். எனக்கு ப்ளீஸ் என்றுதான் கேட்டது. "எதுக்கு டாக்டர் ப்ளீஸெல்லாம், சும்மா சொல்லுங்க" என்றேன். தமிழில் மண்ணீரல் என்று அவரே சொன்னார். படத்தில் அல்வாத்துண்டு வெட்டினது போல முக்கோணமாய் ஒரு கறுப்பு. இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகுமாம். அதில் ஒரு கட்டி கிளம்பி, மண்ணீரலுக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டது. ரத்தம் கிடைக்காத அந்தத் துண்டு செத்துப்போச்சு. "இது தலைக்குப் போயிருந்நெங்கிலோ சாரே?" என்றார். தலைக்குப் போயிருந்தால் என்று கேட்டதும் நான் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"மருந்து வல்லதும் கழிக்குந்நுண்டோ?" என்று, அதாவது மருந்து ஏதும் சாப்பிடுகிறேனா என்று, அடுத்த கேள்வி. இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற ஆவுடைத்தாய், "முன்னால விட்டமின் மாத்திரை சாப்பிட்டாக" என்று உதவி செய்தாள். அத்தான், அது விட்டமின் இல்லை. போன வருஷமே நெஞ்சு படபடப்புக்கு ஒரு டாக்டரைப் பார்த்து, ரத்தம் கட்டாமல் இருக்க அவர் கொடுத்த மாத்திரை. இவள் பயப்படுவாளே என்று விட்டமின் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் சவரம் பண்ணும்போது கீறி அரைமணி நேரம் ரத்தம் நிற்கவில்லை; நானே டாக்டராகி மாத்திரையை நிறுத்திவிட்டேன். பதினோரு மாசம்! டாக்டர் குடைந்து கேட்க, அவள் முன்னாலேயே அத்தனையும் சொல்லவேண்டியதாயிற்று.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வந்து ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "பதினோரு மாசமா எதுத்தாப்புல உக்காந்துதானே சோறு தின்னிய? ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?" என்றாள். எத்தனையோ ஊசி போட்டார்கள் அத்தான், வலித்தது அப்பதான்.

அந்தச் சனியனை அறுத்து எடுத்திருங்க என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "வேண்டா. நோய்க்கிருமியோட சண்ட போடுந்நது அதாணு" என்றார். செத்த துண்டு தானாகத் தழும்பாகிவிடுமாம். வலிக்கு மருந்து, ரத்தம் கட்டாமலிருக்க முதலில் ஊசி, பிறகு மாத்திரை. காய்ச்சலோ வலியோ கூடினால் உடனே ஓடிவர வேண்டும், சீழ் பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம் என்று எச்சரித்து, ஐந்தாம் நாள் அனுப்பினார். மாத்திரை மட்டும், அவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது.

இப்போது நான் புது மனுஷன். மணி அடித்தாற்போல மாத்திரை, ஆவுடைத்தாயிடம் ஒளிவுமறைவில்லை. யாரும் சிரமப்பட்டுப் புறப்பட்டு வரவேண்டாம். குடிப் பேச்சை மட்டும் அங்கே தாங்கள் அடக்கிவிட்டால் போதும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஆறுமுகநயினார்

பி.கு.: அண்ணாச்சிக்கு ஆவுடைத்தாய் எழுதிக்கிடுதது. தபால்ல போடச் சொல்லித் தந்தாக, படிச்சிட்டேன். இன்னைக்குக் காலையில இவுக மெடிக்கல் ஷாப்புல போயி, "வலிதான் போயிட்டே, இனிமே பாதி மாத்திரை போதாதா?"ன்னு கேட்டிருக்காக. கடைக்காரன் எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டான். கடிதாசி கெடைச்ச அன்னைக்கே மதினியைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு மாசம் தங்குத மாதிரி துணிமணி எடுத்துக்கிடுங்க.