ஊதா மருந்தடித்த விமானம்

எங்கள் வீட்டில் ஒரு விமானம் இருக்கிறது. கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசதியான வீடு ஒவ்வொன்றிலும் உபயோகமில்லாத பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். சில வீட்டில் நீச்சல் குளம், சில வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் விமானம்.

சின்னதுதான். இரண்டு பேர் உட்காரலாம். றெக்கை மேலே, சக்கரம் கீழே. அம்மா ஆனந்தி கோயமுத்தூரில் ஓட்டப் படித்து லைசன்ஸ் எடுத்தவள். தன் பங்கு நிலத்தில் பாதியை விற்று விமானம் வாங்கினாள், மீதிப் பாதியில் ஓடுபாதை போட்டாள். அப்பாவுக்குத் தேங்காய் நார் மில். விமானத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால், "அது அவளோட சமாச்சாரமுங்க" என்பார். யாராவது போட்டோ எடுக்க வந்தால், "நாங்க வாங்கினதுங்க" என்பார்.

விமானம் வைத்திருந்தால் எப்பப் பார்த்தாலும் பறந்துகொண்டே இருப்போம் என்று ஊரில் நினைப்பு. பறப்பது ரொம்பக் குறைச்சல். மீதி நேரமெல்லாம் துடைப்பதுதான். வேகம் அளக்கிற குழாய்க்குள் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டும். கவனிக்காமல் மேலே போனால் வேகமுள் பொய் சொல்லும். எலி வயரைக் கடிக்கும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் என் வேலை, வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போடுவதும். நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டவள். பள்ளிக்கூடத்தில் குளவியைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, நான் என்ன செய்ய?

மாசிக் கடைசிக்குள் அம்மா இன்னும் ஐந்து மணி நேரம் பறந்தாக வேண்டியிருந்தது. அதுவும் தனியாக, பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமல். இல்லாவிட்டால் லைசன்ஸ் போய்விடும். மறுபடி எல்லாப் பரீட்சையும் முதலிலிருந்து.

"இந்த வயசுல பரீட்சை எழுதறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அம்மா.

"எந்த வயசுல எழுதினாலும் பைத்தியந்தான்" என்றேன். முறைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சிறகுக் காய்ச்சல் வந்தது. கோழிகளைப் பீடிக்கும் கொடிய நோய் என்று சொன்னார்கள். உடனே இரு மாநில அரசு இயந்திரங்களும் போர்க்கால அடிப்படையில் முடுக்கிவிடப்பட்டன. அதாவது, எல்லையின் இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி வைத்தார்கள். வாளிக்குள் ஊதா மருந்து. ஆணை இப்படி இருந்தது: 'எல்லையைக் கடக்கும் சக்கரமுள்ள யாவும் மருந்து தெளிக்கப்பட்ட பின்னரே கடக்க வேண்டும்.'

தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கே இருந்துதான் காற்றடிக்கும். விமானம் காற்றை எதிர்த்து ஓடித்தான் எழும்பும். எங்கள் ஓடுபாதையின் கிழக்குக் கோடியில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம், அக்கட்டை, தமிழ்நாடு. எழும்பி ஒரு மூச்சு விடுவதற்குள் மாநிலம் மாறிவிடும். வானத்தில் பறக்க டெல்லி வரைக்கும் எழுதி அனுமதி வாங்கி வைத்திருந்தோம். வானம் சுலபமாகக் கிடைத்தது. சக்கரத்தில்தான் சிக்கல்.

தமிழ்நாட்டுச் சாவடியில் முத்துசுவாமி சார் இருந்தார். தங்கமான மனுஷன். அதிகாரிகளிலேயே தங்கமான மனுஷன்தான் ஆபத்து. சண்டையும் போட முடியாது.

"ஏனுங்க, வண்டியக் கொண்டாந்தீங்களா?"

"வண்டி இல்லீங்க, விமானமுங்க" என்றாள் அம்மா.

"சக்கரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆனா எல்லையைத் தாண்டறப்ப அது தரையிலயே படாதுங்களே. ஆகாசத்துல இல்ல இருக்கும்!"

"'சக்கரமுள்ள யாவும்'னு போட்டிருக்குதுங்க. தரையில படற சக்கரம்னு போடலீங்களே."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், மயில் காலையில இருந்து இக்கட்டைக்கும் அக்கட்டைக்கும் பறந்துட்டே இருக்குது. நோயே பறவைக்குத்தான். அதுக்கு மருந்தடிச்சீங்களா?"

முத்துசுவாமி சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மயிலுக்குச் சக்கரம் இல்லையே கண்ணு."

"அப்பச் சக்கரத்தைக் கழட்டி வெச்சுட்டுப் பறக்கறனுங்க" என்றாள் அம்மா.

"தாராளமாப் போங்க. எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க."

"எறங்கறது?"

"அது எங்க பிரிவுல வராதுங்க."

சரி என்று டிராக்டரில் கட்டி விமானத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனோம். ரோடு எவ்வளவு அகலமோ அதைவிட அகலம் எங்கள் றெக்கை. பின்னால் பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. ஜன்னல் வழியாக எல்லாரும் எங்களுக்கு டாட்டா காட்டினார்கள். முத்துசுவாமி சார் சக்கரங்களுக்கு மருந்தடித்து, மூக்கில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். திரும்பினோம்.

திரும்பினால் கேரளாச் சாவடி. அங்கே கோபிநாத் சார். கண்டிப்பானவர், சிரித்துக்கொண்டே கண்டிப்பானவர்.

"சேச்சி, தமிழ்நாட்டுல இருந்தல்லே வர்றது?"

"இப்பத்தான் சார் மருந்தடிச்சாங்க. ஈரங்கூடக் காயல."

"அது அவங்க மருந்து. அவிடத்தே கிருமிக்கு. இவிடத்தே கிருமிக்கு நம்ம மருந்து." அடித்தார். தமிழ்நாட்டு ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் கேரளா ஸ்டிக்கரை ஒட்டினார். "ஒரு வண்டிக்கு ஒரு ஸ்டிக்கர். அதாணு நியமம்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் விமானம் தமிழ்நாட்டுக்குள் போக லாயக்கில்லை. மறுநாள் மறுபடி டிராக்டர், மறுபடி பஸ், மறுபடி டாட்டா. நாலு தடவை போய் வந்ததில் மருந்து பட்டுப் பிரேக் தட்டு துருப்பிடித்ததுதான் மிச்சம். நானும் அம்மாவும் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அப்பா எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேசாம மாடு வாங்கியிருக்கலாம்" என்றார்.

"மாடு பறக்குமாங்க?"

"இது பறக்குதா?"

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

அதற்குள் இரு மாநில அதிகாரிகளும் நடுவில் இருந்த டீக்கடையில் உயர்மட்டக் கூட்டம் நடத்தி, பிரச்சினைக்குச் சுமுகத் தீர்வு கண்டிருந்தார்கள். ஸ்டிக்கரின் ஆயுள் எல்லைக்கோட்டில் முடிகிறது. எல்லைக்கோடு வானத்திலும் இருக்கிறது. ஆகவே சக்கரத்துக்கு வானத்திலேயே, கோட்டைத் தாண்டும்போது மருந்தடிக்க வேண்டும். ஆகவே ஒரு அதிகாரி கூடப் போக வேண்டும்.

"போறப்ப நான் தமிழ்நாட்டுக்காக அடிப்பனுங்க" என்றார் முத்துசுவாமி சார். "வர்றப்ப கோபிநாத் சாரோட அடையாள அட்டையைக் கழுத்துல மாட்டிக்குவேன். அப்ப நான் கேரளாங்க."

"நீங்க பக்கத்துல உக்காந்தா அது தனியாப் பறந்ததா ஆகாதுங்களே. என்ற லைசன்ஸ் கணக்குல அந்த மணி சேராதுங்க."

"நான் வாயே திறக்க மாட்டனுங்க."

அம்மா ஒரு யோசனை வைத்திருந்தாள். ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போய் நாலு குலுக்குக் குலுக்கினால் பயந்து போய் விலக்கு எழுதிக் கொடுத்துவிடுவார் என்று. ஏற்றினாள். எல்லையில் முத்துசுவாமி சார் ஜன்னலைத் திறந்து சக்கரத்தைக் குறி பார்த்துப் பம்பை அழுத்தியிருக்கிறார். அடிக்கிற காற்றில் மருந்து மொத்தமும் திரும்பி வந்து அவர் மூஞ்சியில் அப்பியது. சக்கரத்தில் ஒரு சொட்டு விழவில்லை. இறங்கும்போது கழுத்துக்கு மேலே கத்திரிக்காய் மாதிரி இருந்தார்.

நடுங்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "கண்ணு! என்ற ஊடு தீப்பெட்டியாட்டத் தெரியுது! என்ற சம்சாரம் மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கறா! நான் மேல இருந்து கத்துனேன், அவளுக்குக் கேக்கல! கல்யாணமாகி இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான்..." அறிக்கையில், 'தெளிப்பு முழு வெற்றி. நாள்தோறும் தொடரப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதினார்.

மறுநாள் கோபிநாத் சார் போனார். அவரும் கத்திரிக்காயாக இறங்கினார். அதற்கு அடுத்த நாள் அவர் மச்சான் போனார். 'நோய்த் தடுப்புப் பணியின் அவசரம் கருதி, தன்னார்வலர்களும் தெளிப்பாளராக ஈடுபடுத்தப்படலாம்' என்று புது ஆணை. பஞ்சாயத்து மெம்பர் செல்லாத்தாள் அக்கா முதல் தன்னார்வலர். முகம் கழுவாமலே கூட்டத்துக்குப் போனார். அன்றைக்குத் தீர்மானம் எல்லாம் ஒருமனதாக நிறைவேறியது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஊதா மூஞ்சி என்றால் பறந்தவர் என்று அர்த்தம். டீக்கடையில் ஊதா மூஞ்சிக்கு முதல் டீ. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும்போது ஊதாவாகத்தான் இருப்பேன் என்று அடம் பிடித்து அப்படியே கட்டினான். பொண்ணுக்கு மட்டும் அவனை அடையாளம் தெரியவில்லை. பறக்க முடியாதவர்கள் பேனா மையைப் பூசிக்கொண்டார்கள். பியூட்டி பார்லரில் 'ஏவியேஷன் பேஷியல்' என்று போர்டு வைத்தார்கள். மாடு வாங்கியிருக்கலாம் என்று சொன்ன அப்பாவும் ஒரு நாள் தெளிப்பாளராகப் போய்விட்டு வந்து, நார் மில்லில் ஊதாவாக நின்று கணக்குப் பார்த்தார்.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் யாருக்கு எந்த நாள் என்று ஒட்டிவிட்டார்கள். அம்மா காலையும் சாயங்காலமும் பறந்தாள். தனியாக ஒரு நிமிஷம்கூட இல்லை. ஊரே பறந்தது, லைசன்ஸ் கணக்கில் அம்மா மட்டும் தரையிலேயே இருந்தாள்.

நானும் பெயர் கொடுத்திருந்தேன். காரணம் இருக்கிறது. இத்தனை வருஷமாகத் துடைக்கிறேனே, அம்மா என்னை ஒரு தடவை ஏற்றியதில்லை. "பிளஸ் டூவை எழுதி முடி, அன்னிக்கே ஏத்தறேன்" என்பாள். பஞ்சாயத்தில் பிளஸ் டூவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை போட்டிருந்தார்கள்.

அம்மா சும்மா இருக்கிறவள் இல்லை. மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதி, கடைசியில் ஒரு விலக்கு வாங்கிவிட்டாள். 'விமானம் நிறுத்தப்பட்டுள்ள வளாகத்தின் கோழிகள் நலமாக இருப்பின், மேற்படி விமானத்துக்கு மருந்துத் தெளிப்பு தேவையில்லை.' அந்த வாரம் திங்கட்கிழமை ஆய்வு. மாசி முடிய அந்த ஒரு வாரம்தான் பாக்கி. அதற்குள் ஐந்து மணி நேரம் தாராளமாகப் பறந்துவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் செல்லாத்தாள் அக்கா கூடையோடு வந்தார். கூடைக்குள் ஒரு கோழி.

"ஆனந்தி, இது நேத்து ரெண்டு தடவ தும்முச்சு. உங்க கோழிகளோட கொஞ்ச நேரம் வெளையாடட்டுமேன்னு கொண்டாந்தேன்."

"கோழி எங்காவது தும்முமாக்கா?"

"என்ற கோழி தும்மும்."

"என்ற வளாகத்துல தும்ம வேண்டாம். எடுத்துட்டுப் போங்க." அம்மா கேட்டைச் சாத்தினாள்.

கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டமே நின்றது. அதில் பாதிப் பேருக்கு இன்னும் முறை வரவில்லை. மீதிப் பாதிப் பேர் இரண்டாவது தடவைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். விலக்கு கிடைத்தால் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டிய அத்தனை நாளும் போச்சு, வெள்ளிக்கிழமை உள்பட.

முத்துசுவாமி சாரும் கோபிநாத் சாரும் வந்தார்கள். இரண்டு பேர் முகமும் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அந்த வருத்தம் நன்றாகத் தெரிந்தது. எங்கள் கோழிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதுகள் ஓடின, குதித்தன, சேவல் கோபிநாத் சாரின் பேண்டைக் கொத்தியது.

"நல்ல ஆரோக்கியமாட்டத் தெரியுதுங்களே" என்றாள் அம்மா. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கிழக்குக் காற்று சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"கண்ணால பார்த்தா போதாது சேச்சி. மொழி வேணும்" என்றார் கோபிநாத் சார். மொழி என்றால் சாட்சி. "நீங்க தரக் கூடாது. உங்களுக்கு லாபம் உண்டு. கோழிக்குத் தீனி போடறது யாரு?"

"என்ற புள்ளைங்க. வினோ. பொய்யே பேசாதுங்க. அதனாலதான் பள்ளிக்கூடத்துலயே ஒத்து வரல."

முத்துசுவாமி சார் என் பக்கம் குனிந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. சோர்வு, தும்மல், மொகவாட்டம் ஏதாவது? ஒரு கோழிக்கு இருந்தாலும் போதும்."

கேட்டுக்கு மேலே எல்லாத் தலையும் எட்டிப் பார்த்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன். கோழி யாரையும் பார்க்காமல் தீனி பொறுக்கியது.

"ரெண்டு நாளா ரொம்பச் சோர்வா இருக்குதுங்க சார்" என்றேன்.