சம்பந்தி தடவிய மேசை

சாம்பல் போட்டுத் தேய்த்ததில் அடுப்படி மேசை வெளுக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் பழைய கறுப்பிலேயே நின்றது.

"தேமல் வந்த மாதிரி இருக்குங்க," என்றாள் சபாபதியின் மனைவி வீரம்மா.

சபாபதி இன்னொரு பிடி சாம்பலை அள்ளினார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் மேசை உள்ள வீடு அவருடையது ஒன்றுதான். துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போனது. லயமே பொறாமைப்பட்ட அந்த மேசையால்தான் இப்போது மகள் புஷ்பவல்லியின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

போன வாரம் கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரெங்கசாமி அதிரசம் தின்றார். மேசை விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. வெற்றிலைத் தட்டை நீட்டினால், தொடாமலே எழுந்து போய்விட்டார். தாம்பூலம் எடுக்கவில்லை என்றால் பெண் வேண்டாம் என்றுதானே அர்த்தம். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்புறம், வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

"அழுக்கு மேசை வச்சிருக்கிற வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? அதுக்குத்தான் தடவிப் பாத்திருக்காரு," என்று வீரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தேமலை எடுக்க உடைந்த போத்தல் சில்லால் சுரண்டினார் சபாபதி. தேமல் போனது, நடுவில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை மறைக்கப் பட்டறையில் ரயில் பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கும் நாகையாவிடம் போய் நின்றார். அவன் ஒரு டின் கொடுத்தான்.

"மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது லா அண்ணே. நல்லா காய விடணும், அவ்வளவுதான்."

அந்த வாரம் கோலாலம்பூரில் வெயிலுக்கு லீவு. மழை விடாமல் ஊற்றியது. மேசை பளபளவென்று மின்னியது. தொட்டால் விரலை விடவில்லை. காயட்டும் என்று அடியில் கரி மூட்டிய சட்டி வைத்தார். புகை முழுக்க மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. கதகதப்புக்குக் கோழியும் ஏறியது. இறங்கியபோது அதற்குப் பாதி வால்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வீரம்மா பெட்டியிலிருந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்து மேசைமேல் விரித்தாள். கோணலாக விழுந்தது. நேராக்க இழுத்தாள், வரவில்லை. கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

"துணி கிடக்குல்ல, இனிமே தடவ மாட்டாரு," என்றாள் வீரம்மா.

வந்தார்கள். ரெங்கசாமி மேசையோரம் உட்கார்ந்தார். அதிரசம் வந்தது. சபாபதி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலதுகை அதிரசத்தை முடித்தது. கொஞ்சம் தயங்கியது. மெல்லத் துப்பட்டியின் தொங்கிய ஓரத்துக்கு அடியில் நுழைந்தது.

நுழைந்த கை திரும்பவில்லை.

ரெங்கசாமி இழுத்தார். துப்பட்டி வந்தது, நாலைந்து இறகு வந்தது, மேசையே ஒரு சாண் நகர்ந்து வந்தது. கை மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள் புஷ்பவல்லி. இடது கையால் தாம்பூலம் எடுக்க முடியுமா? சபாபதி மேசையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவையும் போச்சு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமியின் மனைவி தனலெட்சுமி எழுந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கே எடுத்திருக்க வேண்டிய தாம்பூலம் அண்ணே; தின்ன எண்ணெய்க் கையை உங்க மேசையில துடைச்சிட்டு, அந்தக் கையால எப்படி வெத்தலை எடுக்கிறதுன்னு வெக்கப்பட்டு எந்திரிச்சு ஓடிட்டாரு இந்த மனுசன்."