நைட்டி தொங்கும் கண்ணாடிச் சுவர்

குடும்பத்தில் ஒருவர் டாக்டருக்குப் படித்தால் சொந்தபந்தத்துக்கெல்லாம் ஓசியில் ஊசி கிடைக்கும். வக்கீலுக்குப் படித்தால் ஓசியில் நோட்டீஸ். ஆர்க்கிடெக்ட்டுக்குப் படித்தால் என்ன கிடைக்கும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியாமல் இருந்தது. நான் படித்து முடித்து வந்து தெரியவைத்தேன். (அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் படிப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.)

அப்போது எனக்கு வாய் அதிகம். தேனியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் போனால், அடுப்பு மேடை உயரம் தப்பு என்று அம்மாவிடம் சொல்வேன். அத்தாவின், அதாவது அப்பாவின், கடைக்குப் போனால், கல்லாவுக்குப் பின்னால் காற்றோட்டம் போதாது என்பேன். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் சௌகரியம்தான் கல்லூரியில் கடைசி வருஷம் நான் எடுத்துக்கொண்ட விஷயம். அதனால் உட்கார்ந்திருக்கும் யாரையும் நான் நிம்மதியாக உட்கார விட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவளை நம்பித்தான் ஜமீலா சாச்சி கட்டடம் கட்டினார். சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. உத்தமபாளையத்தில் ஒரு பழைய வெங்காயக் குடோனில் இருபது பெண்களை வைத்து நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். அவர்களில் பாதிப்பேர் முன்னால் விடிகாலையில் ஜீப்புக்குள் அடைந்துகொண்டு மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள். ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன பெண்களைக் கீழே இறக்கி மிஷினில் உட்கார வைத்தது தான்தான் என்று சாச்சிக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் குடோன் படுமோசம். ஒரே கதவு, பகலிலும் இருட்டு, தகரக் கூரை, மிஷினுக்கு மிஷின் தொங்கும் ஒயர். "தீப்பிடிச்சா என்ன செய்வீக சாச்சி?" என்று கேட்டேன். அல்லா பாத்துக்கிருவான் என்றார். கொஞ்ச நாளில் ஒரு ஒயர் நிஜமாகவே புகைந்தது. மெயின் ரோட்டில் சும்மா கிடக்கிற மனையில் புதுசாகக் கட்டிவிடலாம், நீயே ப்ளான் போடு என்று உடனே எனக்குப் போன் வந்தது.

இடம் பார்க்க நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அத்தா என்னை மனையில் இறக்கிவிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். சுற்றியிருந்த கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ரோட்டில் ஈ காக்கை இல்லை. எதிர்ப்புறம் ஒரு நிழற்குடை, அதற்குள் ஓர் ஆடு படுத்திருந்தது. அதற்கு அப்பால் தென்னை, தூரத்தில் மலை. ஆகா, எவ்வளவு அமைதியான இடம் என்று அப்படியே நின்றுவிட்டேன். (அந்த ஊர்ப் பெண்ணின் மகள் நான். ஜும்மா நேரத்தில் உத்தமபாளையம் எப்படி இருக்கும், மற்ற நேரத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படிப்பு மறைத்துவிட்டது.)

நியாயமாகச் சொன்னால் பல விஷயங்களை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். வெளிப்பக்கம் திறக்கிற இரண்டு கதவுகள், சுவருக்குள் போகிற ஒயர், முதுகு சாய நாற்காலி, சூடு மேலே போக உயரமான கூரை. இன்றுவரை அதைப் பற்றி ஒருத்தர் வாய் திறந்ததில்லை. எல்லாரும் பேசுவது ரோட்டைப் பார்த்த சுவரைப் பற்றித்தான். அந்தச் சுவரை நான் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடியாக வைத்தேன். ஊசி முனையில் வெளிச்சம் விழ வேண்டும் என்று மிஷின்களை எல்லாம் கண்ணாடியைப் பார்த்து வரிசையாகப் போட்டேன்.

"இம்புட்டுக் கண்ணாடி எதுக்கு புள்ள?" என்று சாச்சி கேட்டார். வெளியே பார்த்துக்கொண்டே வேலை செய்தால் மனசுக்கு எவ்வளவு இதம் தெரியுமா என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கண்ணாடி மதுரையிலிருந்து கடைசி நாளில்தான் வந்து சேர்ந்தது. ஆகவே வேறு யாருக்கும் உறைக்கவும் நேரம் இல்லை. ஓணத்துக்காகக் கோட்டயத்துக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். அதைச் சொன்ன தேதியில் அனுப்பாவிட்டால் சாச்சியின் தொழிலே படுத்துவிடும் என்ற நிலைமை. பால் காய்ச்சிய கையோடு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பெண்கள் மிஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தார்கள். எதிரே பஸ் ஸ்டாப் மொத்தமும் இவர்களைப் பார்த்தபடி நின்றது.

ஆடு படுத்திருந்த அந்த நிழற்குடையில்தான் கம்பம், குமுளி போகிற பஸ் எல்லாம் நிற்கும். பக்கத்திலேயே டீக்கடை. பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு வேறு என்ன வேலை? உள்ளே தைத்துக்கொண்டிருந்த சரசுவின் மாமியார் கம்பம் போக வந்தவர், மருமகள் யாரோடு சிரிக்கிறாள் என்று பார்ப்பதற்காக வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுக்கொண்டிருந்தார். பாத்திமாவின் வீட்டுக்காரர் பீரோ சாவி எங்கே என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கை ஜாடையில் கேட்டார். பாத்திமாவின் பதில் ஜாடை அவருக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. "அரிசிப் பானைக்குள்ளயாம்" என்று அவர்களே அவருக்கு எடுத்துச் சொன்னார்கள்.

உள்ளே ஒரு பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. முக்காட்டை இழுத்து இழுத்து விட்டதில் பாதிப்பேருக்கு ஊசியே தெரியவில்லை. மத்தியானம் யாரும் சோற்றுச் சட்டியைத் திறக்கவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் சாச்சியிடம் போய், "பாத்தீகளா, எம்புட்டுக் கவனமா வேலை பாக்குறாக" என்று சொன்னேன். எந்த முகத்தோடு சொன்னேனோ!

மறுநாள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அவரவர் நிழல் அவரவர் துணி மேலேயே விழுந்தது. ஒரு கழுத்துக்கு இரண்டு கை வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கையும் ஒரு பாக்கெட்டும் வந்தன. நான் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டினேன். ஆடிக்காற்று அதைப் பிய்த்துக்கொண்டுபோய் டீக்கடைப் பாய்லர் மேல் போட்டது. டீக்கடைக்காரர் என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் பாதி மிஷின் காலி. பாண்டியம்மா மட்டும் சாச்சியிடம் சொல்லிவிட்டுப் போக வந்தார். தையலில் கெட்டிக்காரி, எல்லாருக்கும் மூத்தவர், முன்னால் தோட்டத்து ஜீப்பில் போனவர். நாளையிலிருந்து மறுபடியும் ஜீப்புக்கே போகப்போவதாகச் சொன்னார். நான் குறுக்கே விழுந்து, அந்த மலையில் மழை, குளிர், அட்டைக்கடி எல்லாம் இருக்கிறதே என்றேன்.

"தோட்டத்துல அட்டை மட்டுந்தான் கடிக்கும் இன்ஜினியரம்மா. இங்கன ஊரே கடிக்குது."

சாச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காலி மிஷின்களையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. பாதுகாப்பான இடம் கட்டித் தருகிறேன் என்று வந்து, அந்தப் பெண்களை மறுபடியும் ஜீப்பில் ஏற்றிவிட்டேனே என்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன். (அந்த பாத்ரூமுக்கு நான் கண்ணாடி வைக்கவில்லை. அதுவரைக்கும் புத்தி இருந்தது.) அப்புறம் சாச்சி பாண்டியம்மாவின் கையில் காலில் விழாத குறையாக இரண்டே நாள் அவகாசம் கேட்டார். பாண்டியம்மா யோசித்துவிட்டு, சரி, மற்றவர்களையும் வரச் சொல்கிறேன் என்றார். கண்ணாடியில் ஒட்டினால் மங்கலாகிவிடும் ஒரு தாள் இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று நான் மதுரைக்கு ஓடினேன்.

மறுநாள் மத்தியானம் தாள் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதே ஸ்டாப்பில் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன். என் கட்டடத்தைக் காணவில்லை.

கூரை முதல் தரை வரை நைட்டி. ரோஜாப்பூ நைட்டி, மாங்காய் நைட்டி, மயில் நைட்டி. கண்ணாடிக்கு உள்பக்கம் கயிறு கட்டி, தைத்து முடித்ததை எல்லாம் இடைவெளி இல்லாமல் தொங்கவிட்டிருந்தார்கள். ஐந்து வருஷப் படிப்பின் மேல் நைட்டி மாட்டியிருக்கிறது! எனக்கு ரத்தம் கொதித்தது. கூடவே இறங்கிய ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, "புதுக்கடையா ஆத்தா? அந்த மயிலு என்ன விலை?" என்று கேட்டார். கடையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

உள்ளே பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. எந்த வெளிச்சத்துக்காக அவ்வளவு பாடுபட்டேனோ அதில் ஒரு துளி இல்லை. ஆனால் ஒரு மிஷின்கூடக் காலி இல்லை. சரசு காலை நீட்டிக்கொண்டு முறுக்கு தின்றபடி மாமியார் மாதிரியே பேசிக் காட்ட, அந்தக் கூடமே குலுங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றுங்கள், நான் தாள் ஒட்ட வேண்டும் என்றேன். சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து, நான் விரட்டிய அம்மா பின்னாலேயே வந்து கதவைத் தட்டினார். மறுபடியும் இது கடை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வாசல் தேடி வர்ற பரக்கத்த விரட்டுறியே, நீயெல்லாம் என்ன புள்ள படிச்ச?" என்று சாச்சி என்னை ஒதுக்கிவிட்டு மயிலைக் கழற்றி விலை சொன்னார். என் கையிலிருந்த சுருளைக் காட்டி, "நைட்டி விக்கிது. உன் காயிதம் விக்குமா?" என்று கேட்டார்.

மயில் போன இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகச் சரசுவின் மாமியார் தெரிந்தார். அவ்வளவுதான், அடுத்த நைட்டி அடித்துப் பிடித்துத் தயாரானது. அதுவும் விற்றது. மறுபடி ஓட்டை, மறுபடி மாமியார், மறுபடி நைட்டி. கோட்டயத்து ஆர்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே லாரி ஏறியது. அந்த இருபது பேரில் ஒருத்தர்கூட ஜீப் ஏறவில்லை.

இப்போது அது ஊரில் பேர்போன நைட்டிக் கடை. பின்னால்தான் தைக்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும், "பர்வீனு, நீ ஜன்னல வையி. நைட்டி நாங்க கொண்டாந்துக்கிறோம்" என்பார்கள். என் கல்யாணப் பந்தியில்கூட இதைத்தான் பேசிச் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கியது அத்தா. பெற்ற தகப்பன்.

போன வருஷம் அல்லிநகரத்தில் சொந்தமாக ஆபீஸ் போட்டேன். வாடகைக்குக் கிடைத்தது ரோட்டோரக் கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி (சத்தியமாக நான் வைத்ததில்லை). திறப்பு விழாவுக்கு வந்த சாச்சி ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால், ஊதாவில் பெரிய பெரிய சூரியகாந்தி போட்ட நைட்டி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைத்தேன். நிமிர்ந்தால், எதிர் ஸ்டாண்டில் நாலைந்து ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வைத்ததை மெல்ல முடியவில்லை. எழுந்துபோய் மேஜையைத் திறந்து அந்த நைட்டியை எடுத்துக் கண்ணாடியில் மாட்டினேன்.

இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ப்ளான் கேட்டு வருகிறவர்களைவிட நைட்டி விலை கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இது கடை இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் சாச்சியின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.