யோசிக்கும் போனும் உதை வாங்கும் நரியும்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும், ஒரு நரி எப்படியோ பிழைத்துக்கொண்டிருந்தது. அது வேறு யாருமில்லை, நான்தான். கடை வைத்திருக்கும் விலங்குகளுக்கு வியாபார யோசனை சொல்வது என் தொழில். நான் சொந்தமாக ஒரு கடலைமிட்டாய்கூட விற்றதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு யோசிக்கிற போன் வந்தது. முயல் வருவதை நிறுத்தியது. காட்டுப்பன்றி என் நம்பரையே அழித்துவிட்டது. மிச்சமிருந்தவர் தேன்கடை செங்கோடன் என்ற கரடி மட்டும்தான். அவரும் அந்த போனை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் மறுபடி வேட்டைக்குப் போவதா என்று பயமாக இருந்தது.

சும்மா பார்க்க வந்ததுபோல் கடைக்குப் போனேன்.

"நரியாரே, இது கேட்டதும் டக்குனு சொல்லுதுங்க. நீங்க ஒரு வாரம் ஆக்குவீங்களே!" என்றார் செங்கோடன்.

"நான் ஆழமா யோசிப்பேங்க" என்றேன். உண்மையில் தூங்குவேன்.

தேனைக் குடத்தில் விற்க வேண்டாம், சின்னச் சின்ன இலைப் பொட்டலமாகப் போடு என்று போன் சொல்லியிருந்தது. அவரும் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து யானை வந்தது. நாற்பது பொட்டலத்தை இலையோடு விழுங்கியது. நாக்குகூட நனையவில்லை. கோபத்தில் கடைக்கூரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விட்டது.

சத்தம் கேட்டு செங்கோடனின் மனைவி வெள்ளையம்மா ஓடிவந்தார்.

"யாரு சொல்லி இப்படிப் பண்ணுனீங்க?"

"போன் சொல்லுச்சு."

"போன் சொன்னா? உங்க புத்தி எங்க போச்சு?"

கரடி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன் வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் 'நரி சொன்னான்' என்று கைகாட்டிவிடுவார். வெள்ளையம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு அவருக்குச் சோறு போடுவார். அன்று அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் செங்கோடன் என் குகைக்கு வந்து போனை நீட்டினார்.

"யோசனையை இதுவே சொல்லட்டுங்க. நீங்க எங்க வீட்டம்மா முன்னால அதை உங்க யோசனையா வாசிச்சாப் போதும்."

"தப்பாப் போனா?"

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிடறேன்!"

எனக்கு அவமானத்தில் அழுகையே வந்தது. ஆனால் வேட்டையை நினைத்துப் பார்த்தேன். "சரிங்க" என்றேன்.

விஷயம் பரவியது. இப்போது என் குகை வாசலில் தினமும் வரிசை நிற்கிறது. ஆளுக்கொரு போனோடு வருகிறார்கள். நான் வாசிக்கிறேன். பலித்தால் அவரவர் சாமர்த்தியம், பலிக்காவிட்டால் என் யோசனை. நேற்று காட்டுப்பன்றி முதுகில் உதைத்த இடத்திலேயே இன்று முயலும் உதைத்தது. முயல் உதைத்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. போனில் மட்டும் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

நீதி: மூளை வேலையை இனி போன் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளே, நீங்கள் முதுகைத் தேற்றி வையுங்கள்.