கொள்ளுத்தாத்தா ஹால்வரின் தாடி

கொள்ளுத்தாத்தா ஹால்வரின் தாடிக்குள் மெழுகு இறங்கிக்கொண்டிருந்தது.

எய்லெர்ட் இஸ்திரிப் பெட்டியும் கையுமாகப் பேயறைந்தவன் போல நின்றான். பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசுகிறவன், சுடுகிற பெட்டியைக் கொள்ளுத்தாத்தா படத்தின் மேலா வைப்பான்? வைத்துவிட்டான். கண்ணாடி விரிசல் விட்டது, மெழுகு உள்ளே போனது. வரவேற்பறையில் இருக்க வேண்டிய படம் கீழ்த்தளத்து மேஜைக்கு வந்ததற்கு அவன் மனைவி இங்குன்தான் காரணம். அவர் முறைக்கிற முறைப்பில் சாப்பாடு இறங்கவில்லை என்று அவள்தான் கொண்டுவந்து போட்டாள்.

சாதாரணப் படமா அது? வருஷத்துக்கு ஒரு வீடு என்று குடும்பத்தில் சுற்றி வருவது. எந்த வீடு பத்திரமாக வைத்திருக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் ஈஸ்டர் வாரத்தில் தங்க, மலைமேல் இருக்கும் குடும்ப மரவீடு கிடைக்கும். படத்துக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வீட்டின் முறை நிரந்தரமாகப் போய்விடும். அப்பா காலமான பிறகு எய்லெர்ட்டுக்கு இதுதான் முதல் முறை. பிள்ளைகள் இப்போதே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள்.

"பின்பக்கம் மட்டும் கழட்டிடாதேடா" என்று சொல்லித்தான் பெரியப்பா மகன் யெர்முண்ட் படத்தைக் கொடுத்திருந்தான். இப்போது கழற்றாமல் முடியாது.

"மெழுகுதானே? துணியில பட்டா காகிதம் வெச்சு இஸ்திரி போடுவோமே, அதே மாதிரி போடு" என்றாள் இங்குன்.

போட்டான். காகிதத்தை எடுத்தபோது தாடியும் கூடவே வந்துவிட்டது.

இங்குன் தன் புருவப் பென்சிலை எடுத்து வந்து புதுத் தாடி வரைந்தாள். எய்லெர்ட் தள்ளி நின்று பார்த்தான்.

"பல்வலிக்காரர் மாதிரி இருக்கார்."

"இவருக்கு முதல்ல தாடி இருந்துதா? நம்ம கல்யாணத்துல பார்த்தப்ப மொழுமொழுன்னு இருந்த மாதிரி ஞாபகம்."

"நம்ம கல்யாணத்துல அவரை யார் பார்த்தா? அவர் முறைக்கிறார்னு எல்லாரும் வேற பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டாங்க."

பென்சில் தாடியை அழிக்க, பெயிண்ட் கரைக்கும் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தான். தாடி போனது. மூக்கும் போனது. கடைசியில் ஒரு கோட்டும் கடிகாரச் சங்கிலியும்தான் மிஞ்சின. எய்லெர்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. மலை வீடு இல்லை என்று பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், பிள்ளைகளின் பாண்டு வாத்தியக் குழுவுக்காகப் பழைய சாமான் சந்தை. எய்லெர்ட் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். படங்கள் இருந்த மேஜைக்குப் பின்னால் பாண்டுத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பழைய காலத்து ஆள் படம் ஒண்ணு வேணும். தாடி, கடிகாரச் சங்கிலி..."

"முறைக்கணுமா?"

"கொஞ்சம்."

பெரியவர் வேறொன்றும் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் தனியாக எடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினார். அளவு உட்படச் சரியாக இருந்தது. நமக்கும் அதிர்ஷ்டம் அடிக்கிறதே என்று எய்லெர்ட் நினைத்துக்கொண்டான்.

ஈஸ்டர் வாரம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை எல்லாரும் மலை வீட்டில் கூடினார்கள். குடும்பத்தில் மூத்தவளான குன்வோர் அத்தை மலை வீட்டுச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவர் ஒட்வார். இப்ப என்கூடத்தான் இருக்கார்" என்று பக்கத்திலிருந்தவரை அறிமுகப்படுத்தினாள்.

எய்லெர்ட் அவரை உற்றுப் பார்த்தான். தொப்பி இல்லாவிட்டாலும் சந்தையில் படம் விற்ற அதே பெரியவர்தான்.

அத்தை படத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எய்லெர்ட் அப்பத்தில் ஜாம் தடவுவதாக நினைத்துத் தன் உள்ளங்கையில் தடவிக்கொண்டிருந்தான். ஒட்வார் ஆரஞ்சு உரித்துக்கொண்டே படத்தையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

"அந்த மூக்கு எங்கப்பா மூக்கேதான்" என்றாள் அத்தை.

"கண்ணு என்னோடது" என்றான் யெர்முண்ட், தேவைக்கு மேல் அவசரமாக.

"ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டிருக்கே எய்லெர்ட். பளிச்சுனு இருக்கார்." அத்தை சாவியை அவன் கையில் வைத்தாள். சாவி ஜாமில் ஒட்டிக்கொண்டது.

அவளும் யெர்முண்டும் காபி எடுக்க உள்ளே போனதும் ஒட்வார் நாற்காலியை அவன் பக்கம் இழுத்தார். எய்லெர்ட் சாவியை இறுக்கிப் பிடித்தான்.

"ஐயா, பிள்ளைங்க ஒரு வருஷமா இதுக்காகக் காத்திருக்காங்க. தயவுசெஞ்சு அத்தைகிட்ட..."

ஒட்வார் ஒரு ஆரஞ்சுச் சுளையை அவன் கையில் வைத்தார்.

"அட, சும்மா சாப்பிடு தம்பி. போன வருஷம் யெர்முண்ட் வாங்கிட்டுப் போனவர் இவரைவிட நல்லா முறைச்சார். அதுக்கும் பல வருஷம் முன்னாடி உங்க அத்தை வாங்க வந்தப்பதான் பாவம், மொழுமொழுன்னு ஒருத்தரைக் கொடுத்தேன், என்கிட்ட தாடி வெச்ச ஆளே இல்ல."