கழுவக் கூடாத மீன்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் திருமுருகன் அவர்களுக்கு,

திருவொற்றியூர் குப்பத்திலிருந்து உங்கள் தங்கை பவுனம்மாளின் வீட்டுக்காரன் எத்திராஜ் எழுதிக்கொள்வது. மதுராந்தகத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; பொய்யோடு கடிதத்தைத் தொடங்க மனம் வரவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் நான் என்ன சொன்னாலும் நீங்கள் சிரிக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

என் மகள் பவானியைக் கெடுத்தது நீங்கள்தான். எட்டாவது படிக்கும்போது கோடை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். மற்ற பெண் பிள்ளைகள் மாமன் வீட்டுக்குப் போனால் புதுத் துணியோடு திரும்பி வருவார்கள். நீங்கள் விலங்கியல் வாத்தியார் ஆயிற்றே, பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைத் திறந்து, உங்கள் ஏரி மீனின் செவுளில் நெளிகிற புழுவைக் காட்டி அனுப்பினீர்கள். அன்றைக்கு அதில் கண்ணை வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை. மழை வெள்ளம் வந்து போனால் குளத்து மீனுக்குள் இருக்கிற புழு கூடுகிறதா குறைகிறதா என்று கண்டுபிடித்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாளாம். இங்கேயே, நடந்து போகிற தூரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது. பொங்கலுக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். இவள் பதில் சொல்லாமல் புழு எண்ணுகிறாள். நீங்கள் ஏற்றிவிட்ட பைத்தியத்தை நீங்களே வந்து இறக்கிவிட வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதம். நடந்ததைச் சொன்னால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று உங்களுக்கே புரியும்.

நாம் கடல்காரர்கள். ஏரி மீன் நம் வாசற்படி ஏறியதில்லை; சேற்று வாடை என்று உங்கள் தங்கை மூக்கைப் பொத்திக்கொள்வாள். காசிமேட்டில் கூடை வைத்து வஞ்சிரமும் சங்கராவும் விற்றவள் அவள். அந்த வீட்டுக்குள் மணலிப் பக்கத்து சடையங்குப்பம் குளத்திலிருந்து ஜிலேபி மீனும் கெண்டையும் வாரம் தவறாமல் வந்து இறங்கின. அந்தக் குளத்தில் மீன் பிடிக்கிற ராமசெல்வி என்ற பெண் கொடுத்து அனுப்புவாள். மழைக்கு முன்னால் எத்தனை புழு என்று தெரிந்தால்தான் மழைக்குப் பின்னால் எத்தனை என்று ஒப்பிட முடியுமாம். புயல் எச்சரிக்கையில் என் மீன்பிடி போட்டு கரையில் கிடந்த நேரம் பார்த்து, என் ஐஸ் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுறா படுத்த பெட்டியில் ஜிலேபி படுத்தது. தெருவில் நான் நடந்தால், "இன்னா எத்திராஜு, ஏரிக்காரனா பூட்டியாமே?" என்று கேட்கிறார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நடக்கிறேன்.

பிறகு மழை கொட்டியது. டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். பவுனம்மாள் கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பவானி புழு மிதக்கிற பாட்டில்களைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனாள். அந்த வீட்டிலிருந்து முதலில் காப்பாற்றப்பட்டது புழு, அடுத்தது கிரைண்டர், கடைசியாகத்தான் நான். முகாமில் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், இவள் மட்டும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னாத்துக்குடி சிரிக்கிற? வூடு முழுவிகினு கீது!"

"கொளம் ரொம்பி வழியுதாம் நைனா. ராமசெல்வி அக்கா போன்ல சொல்லிச்சு. அந்தப் புழுங்க குட்டியில நத்தைக்குள்ளதான் வளரும். வெள்ளத்துல நத்தைங்கள்லாம் அடிச்சிகினு பூடும். மீனுங்களும் நாலாப் பக்கமும் பரவிடும். அப்போ புழு கொறையணும். அப்பால தண்ணி வத்தி, எல்லா மீனும் ஒரே குட்டையில நெருக்கிகினு நிக்கும் பாரு, நத்தை மறுபடி பெருகும், கொக்கு வரும், அப்ப ஏறும். இது கரெக்டான்னு பாக்கத்தான் இவ்ளோ பாடு."

"நம்ம எல்லாரையும் இந்த முகாம்ல அடைச்சதும் ஒருத்தன் பாக்கி இல்லாம மெட்ராஸ் ஐ வந்துச்சே, அதுமாறியா?" என்று என் சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டேன்.

"அதேதான் நைனா!" என்று துள்ளினாள். அன்றைக்கு மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. எனக்கும் புரிகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பினோம். சடையங்குப்பத்தில் ராமசெல்வி, வெள்ளத்துக்குப் பிறகு கிடைத்த முதல் மீன்களைக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் வாலிலும் நூலால் சீட்டுக் கட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டு, பவானி கல்லூரிக்கு ஓடினாள். போகும்போது, "யம்மா, இத்தை யாரும் சமைச்சிடக் கூடாது" என்றாள். "இந்தக் கருமத்தை எவ சமைப்பா?" என்றாள் உங்கள் தங்கை. அவள் சொன்ன சொல் மாறவில்லை. சமைக்கவில்லை. ஆனால் மச்சான், வாழ்நாளெல்லாம் மீன் விற்ற கை அது. செதிலோடும் செவுளோடும் குடலோடும் ஒரு பெட்டி மீன் வீட்டில் கிடக்கிறது, நாளைக்கு நாற்றம் எடுத்தால் நாலு பேர் தன்னைத்தான் சுத்தமில்லாத கலீஜ் என்பார்கள் என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செதில் சுரண்டி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, மூன்று தண்ணீர் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, அந்தச் சீட்டுகளை மட்டும் அவிழ்க்காமல் பத்திரமாக வைத்து, திரும்பவும் ஐஸில் அடுக்கிவிட்டாள். புழு இருப்பதே செவுளிலும் குடலிலும்தான்.

பவானி வந்து பெட்டியைத் திறந்தாள். மீன்கள் கல்யாணப் பெண் மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு படுத்திருந்தன.

"யம்மா... குடலு எங்கம்மா?"

"நானு சமைக்கலடி. கழுவித்தான் வெச்சேன். எப்பிடி கீது பாரு, சுத்தமா!" என்று பவுனம்மாள் பெருமையாகச் சிரித்தாள்.

குடலெல்லாம் எதிர்வீட்டு பஷீர் பாய் வளர்க்கிற வாத்துகளுக்குப் போயிருந்தது. நான் ஓடினேன். "பாய், அந்தக் குடலைத் திருப்பிக் குடு பாய்" என்று ஒரு மனிதன் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்திராஜு, மெட்ராஸ் ஐ மூளைக்கு ஏறிடிச்சா? அதுங்க துன்னு முடிச்சி அப்பவே தூங்கப் பூட்ச்சு" என்றார். பின்னாலேயே வந்த பவானி அழுகையை நிறுத்திவிட்டு வாத்துகளை உற்றுப் பார்த்தாள். மீனிலிருந்து சில புழுக்கள் பறவைக்குத்தான் போய்ச் சேருமாம், அதைச் சொல்லிக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தாள். பாய் வாத்துகளை வீட்டுக்குள் ஓட்டிக் கதவைச் சாத்திவிட்டார். இன்றுவரை அவை வெளியே வரவில்லை. பாயும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பவானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். "கொளத்துல தண்ணி எறங்க ஆரம்பிச்சிடுச்சு நைனா. வெள்ளம் வந்த சூட்டோட எடுத்த மீன் அதான். எங்க புரொபசரும் வெளியூர்ல மீட்டிங்னு பூட்டாரு, ராமசெல்வி அக்கா வலையும் கிழிஞ்சிடுச்சு. வுடு. நான் அந்த ஸ்கூலுக்கே போய்டறேன்" என்றாள். நான் ஆறு மாதமாகக் கேட்டது அதைத்தான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சோற்றில் கையை வைத்தேன், இறங்கவில்லை. என் பிள்ளை ஒன்றை 'வுடு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதனால் மறுநாள் விடிந்ததும் வீச்சு வலையை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல், சடையங்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். கடலில் அலையைப் பார்த்து மீன் எங்கே என்று சொல்லுகிறவன் நான். அந்தக் குளத்தில் அலை எங்கே? முதல் வீச்சில் வலை வேலிக்காத்தான் முள்ளில் சிக்கியது. இரண்டாம் வீச்சில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எந்த வீட்டிலிருந்து வெள்ளத்தில் வந்ததோ. மூன்றாம் வீச்சில் வலை கரையில் இருந்தது, நான் குளத்தில் இருந்தேன். இடுப்பளவு சேறு. ராமசெல்வி கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, மீன் புட்ச்சிகினு வருவேன்னு பாத்தா, மீனு உன்னப் புட்ச்சிடும் போல கீதே! கடல்காரன் வலைய இம்மாந்தூரம் வீசாத, கால்கிட்ட போடு!" என்றாள். காலடியில் போட்டேன். வந்தன. உச்சி வெயில் வரை போட்டு, பாதிப் பெட்டி நிரப்பி, சேறும் சகதியுமாக பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் என்னை உட்கார விடவில்லை.

பெட்டியை இறக்கியதும் பவுனம்மாளின் கை தானாக அரிவாள்மனைக்குப் போனது. அதை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். பவானி என் சட்டையில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தாள். அப்புறம் மீன்களை அப்படியே கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய், விளக்கு வைக்கிற நேரத்தில் குதித்துக்கொண்டு திரும்பினாள்.

"நைனா! புழுவே கெடைக்கல நைனா! முன்னாடி செவுளு ரெண்டுலயும் மொய்ச்சிகினு இருந்துச்சு, இப்போ தேடித் தேடிப் பாத்தாலும் ஒண்ணு ரெண்டுதான்!"

இல்லாத புழுவைக் கண்டுபிடிக்கவா நான் சேற்றில் விழுந்தேன்? இல்லை என்பதுதான் கண்டுபிடிப்பாம். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தமாம். இத்தோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் வற்ற வற்ற அந்தப் புழுக்கள் திரும்பி வருகின்றனவா என்று கோடை வரைக்கும் பார்க்க வேண்டுமாம், மீன் பிடிக்க நான் வர வேண்டுமாம், ஏனென்றால் 'நைனாவுக்கு இப்போ கொளம் பழகிடுச்சு'. தெருவில் என் பெயர் ஏரிக்காரன் என்றே ஆகிவிட்டது. போட்டில் கூட வருகிறவர்கள் என் முகத்துக்கு நேராகவே சிரிக்கிறார்கள். எனக்கு இந்தப் பேஜாரு வேண்டாம். பள்ளிக்கூட வேலை பொங்கலோடு போய்விடும். நீங்கள் வாத்தியார், உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அவள் அடங்குவாள். இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, அவளை உட்காரவைத்து, இந்தப் புழுவை விடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். வடிவுடையம்மன் உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அப்படியே இந்தக் குப்பத்துப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

தங்கள் அன்பு மறவாத,
எத்திராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ராமசெல்வி போன் செய்தாள். குளம் சுருங்குகிறதாம், கொக்குகள் வந்து இறங்கிவிட்டனவாம். அவற்றுக்கு முன்னால் நாளை விடியற்காலை நான் அங்கே இருக்க வேண்டும். ஆகையால் மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் இன்று நானே போய், என் பெண் வரமாட்டாள், அவளுக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் பொங்கலுக்குக் கட்டாயம் வாருங்கள். உங்கள் ஏரியும் இந்த மழையில் நிரம்பி வழிந்ததாமே, வரும்போது அதிலிருந்து ஒரு பெட்டி மீன் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செதில், செவுள், குடல் எதையும் தொடக் கூடாது. பெட்டியை என் கையில் கொடுங்கள். பாசம் பொங்கி உங்கள் தங்கை கையில் கொடுத்துவிடாதீர்கள்.