எங்கள் வீட்டு ராசாவும் அம்மைப்பால் ஊசியும்

தேற்றாத்தீவு,
1937 ஆனி 3

அன்புள்ள தம்பி வினாயகமூர்த்திக்கு,

இவ்விடம் பிள்ளையார் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். கொழும்புப் புழுக்கத்தில் நீயும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். வரம்புள்ள முடியாட்சிக்கும் முழு முடியாட்சிக்கும் என்ன வித்தியாசம், முன்னது ஏன் நிலைக்குது, சோதனைக்கு நோட்டு அனுப்பு அக்கா எண்டு நீ எழுதி ஒரு மாசம். பிந்தினதுக்குக் கோபியாதே. காலேஜ் நோட்டைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் பாடம் முழுக்க எங்கட வீட்டிலேயே நடந்து முடிந்தது.

உனக்குத் தெரியும், வீடும் வயலும் என்ட சீதனம். அத்தான் இங்க வந்து குடியேறின ராசா. அஞ்சு வருசமாய் நல்லாத்தான் ஆண்டார். பெரிய கதிரை அவருக்கு, மீன்தலை அவருக்கு, கடதாசியெல்லாம் நான் எழுதுவன், அவர் வாசியாமலே கையெழுத்து வைப்பார். சீமை ராசாவும் மந்திரிமார் எழுதினதுக்குத்தானே கையெழுத்து வைக்கிறார்? போன மாசம் பள்ளிக்கூடத்தில் முடிசூட்டுக் கொண்டாட்டம் பார்த்துக் கொடியோட வந்த மனிசன், வாசல் படலையில நிண்டே, "புள்ள, இண்டைக்கு முதல் இந்த வீட்டில என்ட சொல்லுத்தான் சட்டம்" எண்டார். "அப்படிச் சொன்ன சீமை ராசா ஒருத்தர்ர தலையை வெட்டிப்போட்டாங்க" எண்டன். கழுத்தைத் தடவிப் பார்த்து, "நீ வெட்டுவாய்" எண்டார்.

மறுகா மூன்று நாள் முழு முடியாட்சி. என்னைக் கேளாமல் வாய்க்காலைத் திறக்கச் சொன்னார், எங்கட தண்ணியெல்லாம் பக்கத்து வயலுக்குப் போயிற்று. மீன் கொண்டுவாற மீராசாஹிப் காக்காவை, "நான் கூப்பிட்டால்தான் வரவேணும்" எண்டார், அந்த மனிசன் கூப்பிட்டும் வரேல்ல, மூன்று நாளும் பருப்புத்தான். முந்தியெண்டால் "அவள் சொன்னாள்" எண்டு தப்பியிருப்பார். இப்ப பழி போட ஆளில்லை. தம்பி, இதைக் கோடு போட்டுப் படி: ஆளாத ராசாவுக்குப் பிழையே வராது, பிழை வந்தால் மந்திரி போவான், ராசா கதிரையில் இருப்பார். அதனாலதான் அந்த முடி நிலைக்குது.

நாலாம் நாள் எல்லாக் கட்டளையையும் கைவிட்டார், ஒண்டைத் தவிர. வாவிக்கு அங்கால ஒரு வீட்டில் அம்மை கண்டதெண்டு கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அம்மைப்பால் குத்த வாறதாய் அறிவிச்சிருந்தாங்க. இவரோ, "என்ட மகன்ட கையில ஊசி படப்படாது" எண்டு ஒரே பிடி. அழுதும் பார்த்தன். கடைசியில் புதன்கிழமை, 'ஊருக்கு முன்மாதிரியாய் என் மகனுக்கே முதலில் குத்தவும்' எண்டு ஊர் அதிகாரியான விதானை கந்தப்போடிக்கு இவர் பேரில் ஒரு கடிதம் எழுதி, மற்றக் கடதாசிகளுக்கு நடுவில் வைத்தன். வழக்கம்போல வாசியாமல் கையெழுத்து. விதானையார் பறையடிச்சு ஊருக்கே சொல்லிப்போட்டார். வெள்ளிக்கிழமை இவர் சால்வை போட்டு, சின்னவனை மடியில் வைத்து, முன்கதிரையில் ராசா மாதிரி இருந்ததை நீ பார்க்கவேணும்!

சோதனையில் பிள்ளையார் உன் பேனையில் இருக்கட்டும்.

அன்பு அக்கா,
அன்னப்பூரணி

பி.கு.: மேலே உள்ள ஒண்டையும் சோதனையில் எழுதாதே. இண்டைக்குக் காலமை சின்னவன்ட கையைப் பார்க்க வந்த ஊசிக்காரர் தன்ட கொப்பியைக் காட்டினார். எங்கட மகன்ட பேர்தான் முதல், என்ட கடிதத்துக்கு ரெண்டு நாள் முந்தி, திங்கட்கிழமையே பதிஞ்சிருக்கு, அத்தான்ட சொந்தக் கையெழுத்தில! அப்ப ஏன் வேணாம் எண்டவர் தெரியுமா? சின்னவனுக்கு ஊசிக் காய்ச்சல் லேசாய் வந்திருக்கு, பயமில்லையாம். இவர் அவன்ட ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டு, வாறவங்க எல்லாருக்கும், "நான் வேணாம் எண்டுதான் சொன்னன், படிச்சவ கேட்டாளா?" எண்டு சொல்லிக்கொண்டிருக்கார்.